பெயர்த்தகடு விழுந்த மர ரேடியோ: எந்த நாட்டுச் சரக்கு இது?

பழம்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மர ரேடியோ எடுத்து வந்திருக்கிறேன். கம்பெனி பெயர் இருந்த இடத்தில் இரண்டு சிறு ஓட்டைகள்தான் மிச்சம். கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ வீடு காலி செய்தபோது மொத்தமாக வந்த சரக்காம்.

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன். பளபளவென்று வார்னிஷ் அடித்த பெட்டி, அகலம் கிட்டத்தட்ட இரண்டடி. முகப்பில் தங்க இழை ஓடும் துணி. கீழே தந்த நிறத்தில் அழுத்தும் கட்டைகள் ஐந்து. அவற்றின் மேல் பியூ, ஜிஓ, பிஓ, ஓசி, எஃப்எம் என்று எழுத்துகள். டயல் கண்ணாடி முழுக்க ஊர்ப் பெயர்கள்: லக்ஸம்பர்க், ஹில்வர்சம், டிராய்ட்விச், அத்லோன், காலுண்ட்போர்க், இன்னும் நிறைய. எஃப்எம் கோட்டில் 87இல் தொடங்கி 100இல் முடிகிறது.

பின்மூடியைக் கழற்றினேன். வால்வுகள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அச்சு மங்கிவிட்டது. ஒன்றில் மட்டும் தெளிவாக இருக்கிறது: 6, அப்புறம் கதவு நிலை மாதிரி ஒரு எழுத்து, 14, மறுபடி அதே நிலை. ரஷ்ய எழுத்து என்று நினைக்கிறேன். ஆக இது ரஷ்ய ரேடியோதானே? பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

சால்டரிங்சாமி:
செருகாதீர்கள்! மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர்கள் இத்தனை வருஷத்தில் ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பித்திருக்கும். அதிலும் கடைசி வால்வின் கிரிடுக்கு (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் உள்வலை) போகும் ஒரு கண்டென்சர் இருக்கிறது பாருங்கள், அது கசிந்தால் முந்தைய வால்வின் பிளேட்டில் உள்ள அதிக வோல்டேஜ் நேரே கிரிடுக்கு ஏறிவிடும். வால்வு கன்னாபின்னாவென்று கரண்ட் இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், பக்கத்தில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். ஒரு சின்ன கண்டென்சரை மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை, டிரான்ஸ்பார்மர் தேடி அலையும் வேலையாக முடியும். முதலில் அதை மாற்றுங்கள். பிறகும் நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் எங்கேயோ ஷார்ட் என்று அர்த்தம்.

இன்னொன்று. சில பெட்டிகளில் மெயின் டிரான்ஸ்பார்மரே இருக்காது. லைனின் ஒரு கால் நேராகச் சேசிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில், சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேசிஸ் முழுக்கக் கரண்ட். குமிழ் கழன்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டைத் தொட்டால் போதும். உங்கள் பெட்டியில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

பழம்பெட்டி:
இருக்கிறது சாமி அண்ணா, கனமான ஒன்று. பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் வட்டக்கட்டை: 110, 127, 150, 220. இப்போது 220இல் நிற்கிறது. பிளக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், கவலை வேண்டாம்.

சிற்றலை:
ரஷ்ய ரேடியோ இல்லை. காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

சோவியத் பெட்டியாக இருந்தால் கட்டைகளிலும் அந்த ரஷ்ய எழுத்துகளே இருக்கும். அதைவிட முக்கியம், அங்கே எஃப்எம் ஓடியது ஏறத்தாழ 66 முதல் 73 மெகாஹெர்ட்ஸ் வரை. கிழக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி அப்படித்தான். 87 முதல் 100 வரை என்றால் மேற்கு ஐரோப்பா, அதுவும் 1950களும் அதை ஒட்டிய காலமும். 108 வரை நீட்டியது பிற்பாடு. ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி என்றால் 76இல் தொடங்கி 90இல் முடிந்திருக்கும். போருக்கு முந்தைய அமெரிக்க எஃப்எம் என்றால் 42 முதல் 50. அவர்கள் 1945இல்தான் 88க்கு மேலே ஏறினார்கள். எஃப்எம் கோட்டின் இரு முனைகளைப் படித்தாலே பாதி உலகம் கழிந்துவிடும்.

அந்தக் கதவு நிலை வால்வு சோவியத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது இஎல்84 என்ற ஐரோப்பிய வால்வுக்கு அச்சு அசலான மாற்று. எப்போதோ பழையது போய், கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

பிஓ, ஜிஓ, ஓசி மூன்றும் பிரெஞ்சு. பிஓ மீடியம் வேவ், ஜிஓ லாங் வேவ், ஓசி சிற்றலை. பியூ என்பது கிராமபோன் பிக்கப்புக்கான கட்டை.

தகரமூளை:
அப்போ பிரான்ஸ் ரேடியோ. கேஸ் முடிந்தது. அடுத்து?

சிற்றலை:
அவசரப்படாதீர்கள் தகரம். பிரெஞ்சு எழுத்து இருந்தால் பிரெஞ்சு படிப்பவருக்காக எழுதியது என்று மட்டும்தான் அர்த்தம். பெல்ஜியம் இருக்கிறது, ஸ்விட்சர்லாந்து இருக்கிறது, வட ஆப்பிரிக்கா இருக்கிறது.

பெட்டி பார்க்கப் போகும் எல்லோருக்கும் இது உதவும் என்பதால் சொல்கிறேன். லாங் வேவ், மீடியம், ஷார்ட், எஃப்எம் என்ற வரிசையில் ஜெர்மன்காரன் எல்டபிள்யூ, எம்டபிள்யூ, கேடபிள்யூ, யுகேடபிள்யூ என்று போடுவான், பிக்கப்புக்கு டிஏ. இத்தாலியில் ஓஎல், ஓஎம், ஓசி. ஸ்வீடனில் எல்வி, எம்வி, கேவி. ஹங்கேரியில் எச்எச், கேஎச், ஆர்எச், யுஆர்எச். பின்லாந்தில் எஃப்எம்முக்கு யுஎல்ஏ. கடையில் நின்றபடியே படித்துவிடலாம், பின்மூடியைக்கூடத் திறக்க வேண்டாம்.

லாங் வேவ் இருக்கிறதா இல்லையா என்பதும் பெரிய துப்பு. அமெரிக்க வீட்டு ரேடியோவில் ஒலிபரப்புக்கான லாங் வேவ் கிடையாது. ஐரோப்பியக் கம்பெனிப் பெட்டியில் லாங் வேவைக் காணோம், அதற்குப் பதிலாகச் சிற்றலைக்கே மூன்று கட்டைகள் என்றால், வெப்ப நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததாக இருக்கலாம்.

வால்வுவைத்தி:
மற்ற வால்வுகளின் எண்களை எப்படியாவது படியுங்கள். மங்கிய அச்சைத் துணியால் தேய்க்காதீர்கள், இருப்பதும் போய்விடும். கண்ணாடி மேல் வாயால் லேசாக ஆவி ஊதிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அச்சு இருந்த இடத்தில் ஆவி வேறு மாதிரி படியும்.

பழம்பெட்டி:
வைத்தி அண்ணா, ஆவி வித்தை வேலை செய்தது. இசிசி85, இசிஎச்81, இஎஃப்89, இஏபிசி80. நிலையம் சரியாகப் பிடிபட்டதா என்று காட்டும் பச்சைக் கண் வால்வு இஎம்80. ஆறாவது அந்த ரஷ்ய வால்வு. மூன்று வால்வுகளின் அடியில், ஊசிகளுக்கு நடுவே, கண்ணாடியிலேயே ஒரு சாய்சதுரம் வார்க்கப்பட்டிருக்கிறது. ஏசி கரண்ட்டை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு இல்லை. சேசிஸ் ஓரத்தில் தட்டையான தகரப் பெட்டி ஒன்று, அதன் மேல் பி250சி75 என்று இருக்கிறது.

வால்வுவைத்தி:
அருமை. ஐரோப்பிய வால்வின் பெயர் ஒரு ஜாதகம். முதல் எழுத்து ஹீட்டரை (வால்வைச் சூடாக்கும் இழையை) சொல்லும்: இ என்றால் 6.3 வோல்ட், யு என்றால் எல்லா ஹீட்டரும் ஒரே வரிசையில் 100 மில்லியாம்பியரில் ஓடுவது, டி என்றால் பேட்டரி. அடுத்த எழுத்துகள் உள்ளே என்ன வகை வால்வு இருக்கிறது என்பதைச் சொல்லும்: சி டிரையோடு, எச் ஹெக்ஸோடு அல்லது ஹெப்டோடு, எஃப் பென்டோடு, எல் அவுட்புட் பென்டோடு, எம் கண். உங்களுடையது இ வரிசை என்பதால் டிரான்ஸ்பார்மர் இருப்பதும் பொருந்துகிறது.

இந்த ஆறும் 1950களின் இரண்டாம் பாதியில் ஜெர்மன் எஃப்எம் பெட்டிகளில் அப்படியே கூட்டமாக வரும். பி250சி75 என்பது 250 வோல்ட், 75 மில்லியாம்பியர் செலினியம் ரெக்டிஃபையர்; அதுவும் ஜெர்மன் பழக்கம்தான். அது கெட்டால் நாற்றம் ஊரைக் கூட்டும், அந்தப் புகையை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சாய்சதுரம் டெலிஃபுங்கன் வால்வின் குறி.

தகரமூளை:
அப்படியென்றால் டெலிஃபுங்கன் ரேடியோ! இந்தத் தடவை சரிதானே?

வால்வுவைத்தி:
இல்லையே தகரம். டெலிஃபுங்கன் வால்வை வேறு கம்பெனிகளும் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டன; உதிரியாகவும் விற்றது. ஆறில் மூன்று ஒரே கம்பெனி என்பது செய்த நாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறது, செய்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிலிப்ஸ், முல்லார்ட் வால்வு கிடைத்தால் கண்ணாடியின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். இரண்டாம் வரியின் முதல் குறி தொழிற்சாலை: பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹீர்லன். அடுத்த எண் வருஷத்தின் கடைசி இலக்கம். 7 என்றால் 57ஆ 67ஆ என்பதை வேறு வழியில்தான் தீர்க்க வேண்டும். அங்கேதான் ருசி.

குட்டிக்குரங்கு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டிரான்ஸிஸ்டர் ரேடியோ ஒன்று இருக்கிறது. முன்னால் ஏதோ ஆங்கிலப் பெயர், எங்கே தேடினாலும் அந்தக் கம்பெனி அகப்படவில்லை. டயலில் 64க்கு அருகிலும் 124க்கு அருகிலும் பொடி முக்கோணங்கள். உள்ளே 2எஸ்ஏ, 2எஸ்பி என்று தொடங்கும் டிரான்ஸிஸ்டர்கள். இது எந்த ஊர்?

சிற்றலை:
ஜப்பானில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனது. 2எஸ்ஏ, 2எஸ்பி ஜப்பானியப் பெயரிடும் முறை. அமெரிக்க டிரான்ஸிஸ்டர் 2என் என்று தொடங்கும், ஐரோப்பியது அக்காலத்தில் ஓசி44, ஓசி71 மாதிரி இருக்கும்.

முக்கோணக் கதை சுவையானது. பனிப்போர் நாட்களில் அமெரிக்காவில் கோனல்ராட் என்று ஒரு ஏற்பாடு, 1951இல் வந்தது. எதிரி விமானம் வந்தால் எல்லா நிலையங்களும் வாயை மூடிவிட வேண்டும். 640, 1240 கிலோசைக்கிள் (இன்றைய கிலோஹெர்ட்ஸ்; உங்கள் டயலில் 64, 124) இரண்டில் மட்டும் நிலையங்கள் மாற்றி மாற்றிப் பேசும். குண்டுவீச்சு விமானம் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வழி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் 1953 முதல் 1963 வரை அங்கே விற்ற ரேடியோக்களின் டயலில் அந்த இரண்டு இடத்திலும் குறி போட வேண்டும் என்று சட்டம். உங்கள் பெட்டி அந்தப் பத்து வருஷத்துக்குள் அடங்கும். ஜப்பான் டிரான்ஸிஸ்டர் ரேடியோ 1955இல்தான் விற்பனைக்கே வந்தது என்பதால் இன்னும் சுருங்கும்.

பெயர் அகப்படாததில் வியப்பில்லை. இறக்குமதி செய்தவர் தனக்குப் பிடித்த பெயரை ஒட்டிக்கொள்வார். ஒரே பெட்டி நாலு பெயரில் வந்திருக்கும்.

குட்டிக்குரங்கு:
முன்னால் “8 டிரான்ஸிஸ்டர்” என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. உள்ளே எண்ணினால் எட்டு இருக்கிறது, ஆனால் ஒன்றின் கால்கள் போர்டில் எங்கேயும் போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லையே?

சால்டரிங்சாமி:
ஹாஹா. எண்ணிக்கைக்காகச் சும்மா நட்டுவைத்தது. எத்தனை டிரான்ஸிஸ்டர் என்பதை வைத்து ஆட்கள் வாங்கிய காலம். வேலை செய்யாத டிரான்ஸிஸ்டரை ஒப்புக்குப் பொருத்தி எண்ணிக்கையை ஏற்றிய பெட்டிகள் ஏராளம். தலைகீழ் வேடிக்கையும் உண்டு: இரண்டே டிரான்ஸிஸ்டர் போட்டு “பாய்ஸ் ரேடியோ” என்று எழுதி, பொம்மைக் கணக்கில் ஏற்றுமதி செய்தார்கள்.

அலைவரிசை அலமேலு:
இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். பழம்பெட்டி, உங்கள் டயலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், டயலில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை! லாங் வேவ் கோட்டில் உள்ள ஊர்ப் பெயர்களை ஒன்று விடாமல் எழுதுங்கள். கோடு மீட்டரிலா கிலோசைக்கிளிலா? கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? ஹெர்ட்ஸ் என்ற அலகை 1960இல்தான் உலக அளவில் ஏற்றார்கள், டயலில் ஏறுவதற்கு இன்னும் சில வருஷம் பிடித்தது.

ஒரு கெஞ்சல்: கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள். எழுத்தெல்லாம் உள்பக்கத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். ஈரத்துணி பட்டால் லக்ஸம்பர்க்கும் லண்டனும் துணியோடு வந்துவிடும். கண்ணாடி சுத்தம் செய்யும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும், அதுவும் காய்ந்த துணியால்.

பெயர்களை ஏன் கேட்கிறேன் என்றால், டயல் அந்தந்தக் காலத்து உலகப்படம். கோனிக்ஸ்பர்க், பிரெஸ்லாவ், டான்சிக் என்று ஜெர்மன் பெயர்கள் இருந்தால் போருக்கு முந்தியது. 1948இல் கோபன்ஹேகனில் நாடுகள் கூடி அலைவரிசைகளை மறுபடி பங்குபோட்டன, 1950 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. நிறைய நிலையங்கள் ஒரே இரவில் இடம் மாறின. அதற்கு முன் செய்த டயலில் ஊர் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்.

பழம்பெட்டி:
அலமேலு அக்கா, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன்.

ஜிஓ கோடு மீட்டரில் இருக்கிறது. ஊர்கள்: அலூயி, யூரோப் 1, டிராய்ட்விச், லக்ஸம்பர்க், காலுண்ட்போர்க். பிஓ கோட்டில் நாற்பது பெயராவது இருக்கும், எல்லாம் வெள்ளை. மூன்று மட்டும் சிவப்பு: சொட்டன்ஸ், பெரோமுன்ஸ்டர், மொண்டே செனெரி.

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். ஜிஓ கோட்டுக்கு அடியில் 1, 2, 3, 4, 5, 6 என்று சிவப்பில் பொடி எண்கள். மற்ற கோடுகளில் அப்படி எதுவும் இல்லை. இது என்ன?

தகரமூளை:
பிடித்த நிலையத்தை நினைவில் வைக்கப் போட்ட எண்களாக இருக்கும்.

சால்டரிங்சாமி:
0 முதல் 100 வரை டயல் முழுக்க ஓடும் குறிப்புக் கோடு நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிஓவுக்கு மட்டும் ஆறு எண் என்பது புதிதாக இருக்கிறது.

அலைவரிசை அலமேலு:
முதலில் சுலபமானது. யூரோப் 1 என்ற பெயர் இருக்கிறது. அந்த நிலையம் 1955 ஜனவரியில்தான் தொடங்கியது. பிரான்ஸுக்குள் தனியார் ஒலிபரப்புக்கு இடமில்லாததால் எல்லைக்கு வெளியே, ஜெர்மனியை ஒட்டிய சார் பகுதியில் கோபுரம் நட்டு பிரான்ஸை நோக்கி ஒலிபரப்பினார்கள். ஆக உங்கள் கண்ணாடி 1955க்கு முன்னால் அச்சடித்ததாக இருக்க முடியாது.

இப்போது சிவப்பு. சொட்டன்ஸ், பெரோமுன்ஸ்டர், மொண்டே செனெரி மூன்றும் ஸ்விட்சர்லாந்து நிலையங்கள். முதலாவது பிரெஞ்சில், இரண்டாவது ஜெர்மனில், மூன்றாவது இத்தாலியனில் ஒலிபரப்பும். நாற்பது ஊரில் இந்த மூன்றுக்கு மட்டும் தனி மரியாதை என்றால் இந்தப் பெட்டியை வாங்கப் போகிறவர் எந்த நாட்டுக்காரர்?

அந்த ஆறு எண்களுக்கு எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. சொல்வதற்கு முன் நீங்களே அளந்து சொல்லுங்கள்: ஒவ்வோர் எண்ணும் எத்தனை மீட்டருக்கு நேராக நிற்கிறது?

பழம்பெட்டி:
1 என்பது 1700க்குச் சற்று மேலே. 2 டிராய்ட்விச்சின் 1500க்குக் கொஞ்சம் கீழே. 3 காலுண்ட்போர்க் பெயரை ஒட்டி, 1250 பக்கம். 4 கிட்டத்தட்ட 1100. 5 ஆயிரத்துக்கு ஒரு நூல் கீழே. 6 தொள்ளாயிரத்துக்கும் கீழே, கோட்டின் கடைசியில்.

அலைவரிசை அலமேலு:
பிடித்தாகிவிட்டது. மூன்று லட்சத்தை மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் வரும். நீங்கள் சொன்னவை 175, 208, 241, 274, 307, 340 என்று விழும். சரியாக 33 கிலோஹெர்ட்ஸ் வீதம் கூடுகிறது பாருங்கள். எந்த வானொலிக் கோபுரமும் இப்படி அளந்து வைத்த மாதிரி நிற்காது.

இது காற்றில் வந்த ஒலிபரப்பே இல்லை, டெலிபோன் கம்பியில் வந்தது. மலை நாடு என்பதால் பள்ளத்தாக்குகளில் அலை சரியாக எட்டாது. அதனால் ஸ்விட்சர்லாந்தில் 1931 முதல் டெலிபோன் கம்பி வழியாக வானொலி கொடுத்தார்கள். பிற்பாடு அதை லாங் வேவ் அலைவரிசையில் ஏற்றி ஆறு நிகழ்ச்சிகளை ஒரே கம்பியில் அனுப்பினார்கள். போன் பேசிக்கொண்டே பாட்டும் கேட்கலாம், ஒன்றோடொன்று மோதாது. லாங் வேவ் இருக்கும் எந்த ரேடியோவிலும் கம்பியைச் செருகினால் போதும், கரகரப்பே இல்லாமல் கேட்கும். 1990களின் பிற்பகுதி வரை ஓடியது. ஜெர்மன் பேசும் பகுதியில் டிஆர் என்பார்கள், பிரெஞ்சுப் பகுதியில் டிடி.

பின்னால் ஆண்டெனா ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி ஓட்டை இருக்கிறதா?

பழம்பெட்டி:
இருக்கிறது!! மேலே டிடி என்று குத்தியிருக்கிறது. நான் இத்தனை நேரமும் அதை இன்னொரு ஸ்பீக்கருக்கானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகரமூளை:
அக்காவுக்கு ஒரு கும்பிடு. நான் இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். ஆக ஸ்விஸ் ரேடியோ.

அலைவரிசை அலமேலு:
திறந்துவிட்டீர்களே! ஸ்விஸ் வீட்டில் இருந்த ரேடியோ. செய்தது ஜெர்மனியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டயல் விற்ற நாட்டைச் சொல்லும், சேசிஸ் செய்த நாட்டைச் சொல்லும், மாற்றிய வால்வு அது பிழைத்த கதையைச் சொல்லும். மூன்றையும் ஒன்றாகக் கலக்கினால் பிரான்ஸ், ரஷ்யா என்று அலைய வேண்டியதுதான்.

வால்வுவைத்தி:
அக்கா சொன்னதற்கு ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. ஒரு நாட்டுக் கம்பெனியிடம் சேசிஸ் வாங்கி இன்னொருவர் தன் பெட்டியில் போட்டு, தன் பெயர்த்தகட்டை அடித்து விற்பதும் உண்டு. அதனால் மரப்பெட்டிக்கும் சேசிஸுக்கும் அப்பன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சேசிஸைப் பிடிக்கும் திருகு ஓட்டைகள் மரத்தில் நேர்த்தியாக விழுந்திருக்கின்றனவா, அல்லது பின்னால் ஒருவர் துளைத்ததா என்று பாருங்கள்.

அமெரிக்கப் பெட்டிகளில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். சில்வர்டோன் என்று ஒரு கம்பெனியே கிடையாது, சியர்ஸ் கடை தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட பெயர். ஏர்லைன் என்றால் மாண்ட்கமரி வார்ட். யார் யாரோ செய்து கொடுத்தார்கள். சியர்ஸ் சேசிஸ் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பது செய்தவரின் குறி. 528 என்றால் வார்விக். ஸ்பீக்கர் சட்டத்தில் 220 என்று தொடங்கி எண் குத்தியிருந்தால் ஜென்சன், 274 என்றால் ஆர்சிஏ. அடுத்த இலக்கங்கள் வருஷமும் வாரமும். பில்கோ இதையெல்லாம் விடச் சுலபம்: 41 என்று போட்டு ஒரு கோடு இழுத்து மாடல் எண் எழுதியிருந்தால் 1941ஆம் வருஷ மாடல்.

ஆனால் ஒன்று. ஸ்பீக்கரின் தேதி ஸ்பீக்கர் செய்த தேதிதான். பெட்டி அதற்கு முன் செய்ததாக இருக்காது என்பது வரைதான் அது சாட்சி. ஸ்பீக்கரையே மாற்றியிருந்தால் அதுவும் போச்சு. சால்டர் முனைகளைப் பாருங்கள்: ஒன்று மட்டும் பளபளப்பாக உருண்டு நின்றால் அங்கே பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கம்பிவளையம்:
இவ்வளவு மூளையைக் கசக்கி ஊரைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? உள்ளே ஒரு புளூடூத் போர்டு வைத்தால் இன்றைக்கே பாட்டுக் கேட்கலாம். அந்த ஸ்பீக்கர் நன்றாகப் பாடும்.

சால்டரிங்சாமி:
வளையம், பிக்கப் கட்டையை அழுத்தி, பின்னால் உள்ள பியூ ஓட்டையில் தகுந்த ஒயரைச் செருகினால் உங்கள் புளூடூத்தும் பாடும். ஒரு கம்பியையும் வெட்ட வேண்டாம். அதற்காகத்தான் அந்தக் கட்டையே. ஆனால் டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டியில் இதைச் செய்யாதீர்கள், போன் வழியாகக் கையில் கரண்ட் வரும். குடலை உருவி எறிந்துவிட்டுப் போர்டு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெறும் மரக்கூடு கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

குடைக்காம்பு:
என்னுடையதையும் பாருங்களேன். பெட்டிக்குள் வால்வு இருக்கிறது, ஆனால் பிளக் இல்லை. நாலு கம்பி வெட்டின மாதிரி தொங்குகிறது. பின்னால் பெரிய காலி இடம். வால்வு எண்கள் 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4. இதில் எந்தக் கம்பியைப் பிளக்கில் கொடுக்க வேண்டும்?

வால்வுவைத்தி:
எதையும் கொடுக்காதீர்கள்! அது பேட்டரிப் பெட்டி. அந்தக் காலி இடம் பேட்டரிக்கானது: இழைக்கு 1.5 வோல்ட், பிளேட்டுக்குப் பெரும்பாலும் 90 வோல்ட். மின்சாரம் எட்டாத வீட்டுக்கும் பயணத்துக்கும் செய்தவை. மெயினில் கொடுத்தால் நாலு வால்வும் ஒரே நொடியில் போய்விடும். அமெரிக்க எண்ணில் முதல் இலக்கம் இழை வோல்டேஜ், 1 என்றாலே உஷாராகிவிட வேண்டும். இதே வால்வுகளுக்கு ஐரோப்பியப் பெயர் டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்92. மேலே சொன்னேனே, டி என்றால் பேட்டரி என்று. 9 வோல்ட் பேட்டரிகளைப் பத்து வரிசையாகக் கோத்தால் 90 ஆகிவிடும், ரேடியோ பாடும். அதற்கு முன் எந்தக் கம்பி எதற்கு என்று வால்வு சாக்கெட்டிலிருந்து பின்தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். 90ஐ இழையில் கொடுத்தாலும் அதே கதிதான்.

குட்டிக்குரங்கு:
கடையில் இன்னொன்றும் பார்த்தேன். மேலே வளைவாக, கோயில் கோபுரம் மாதிரி உயர்ந்த மரப்பெட்டி, 1930களின் ரேடியோ என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எடுக்கலாமா?

சால்டரிங்சாமி:
தூக்கிப் பார்த்தீர்களா? பஞ்சாக இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் கேசட் போடும் வாய் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 1980களில் இந்த வேஷப் பெட்டிகள் வண்டி வண்டியாக வந்தன. எஃப்எம் 88 முதல் 108 வரை இருந்து, 1930கள் என்று சீட்டு ஒட்டியிருந்தால் சீட்டு எழுதியவரைத்தான் பாராட்ட வேண்டும்.

குட்டிக்குரங்கு:
கேசட் வாய் இருந்தது. :-)

பழம்பெட்டி:
வைத்தி அண்ணா கேட்டதைப் பார்த்துவிட்டேன். சேசிஸ் திருகு ஓட்டைகள் நான்கும் சீராக இருக்கின்றன, பிற்பாடு துளைத்த மாதிரி தெரியவில்லை. உருளைக் கண்டென்சரின் தலையில் 8/57 என்று குத்தியிருக்கிறது. அதன் காலில் சால்டர் மங்கலாக, மற்றவை மாதிரியே இருக்கிறது. இஎல்84 சாக்கெட்டைச் சுற்றி மட்டும் இரண்டு முனைகள் பளபளக்கின்றன. பெயர்த்தகடு ஓட்டைகளுக்கு இடையே 62 மில்லிமீட்டர். வார்னிஷில் வெளுக்காமல் நிற்கும் நிழல் நீளவாக்கில், சாய்வெழுத்து மாதிரி முதல் எழுத்து மட்டும் கீழே இறங்குகிறது.

அலைவரிசை அலமேலு:
1957 ஆகஸ்டுக்குப் பிறகு, ரொம்பப் பிறகும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். யூரோப் 1ஓடும் இடிக்கவில்லை. அந்த நிழலின் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுங்கள். அதே அளவுக்குச் சுருக்கிய படத்தைப் பழைய விளம்பரங்களோடு ஒப்பிடலாம். ஜி, எஸ், பி என்று தொடங்கும் ஜெர்மன் பெயர்களை முதலில் பாருங்கள்; கிருண்டிக், சாபா, பிளௌபுங்க்ட் எல்லாம் அந்தப் பக்கம் வரும்.

வால்வுவைத்தி:
சேசிஸின் அடிப்பக்கப் படமும் போடுங்கள். கேங் கண்டென்சரிலிருந்து (நிலையம் மாற்றச் சுழல்வது) நூல் எப்படிக் கப்பியில் சுற்றிப் போகிறது என்பது தெரிய வேண்டும். அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

சால்டரிங்சாமி:
கவிழ்ப்பதற்கு முன் அந்த உருளைக் கண்டென்சரை ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிட வேண்டாம். பளபளக்கும் இரண்டு முனைகளில் ஒன்று நான் முதலில் சொன்ன கண்டென்சருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் யாரோ அதை ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். மாற்றினதும் பழசாகியிருக்கும், மறுபடி மாற்றுங்கள்.

பழம்பெட்டி:
அங்கேதான் போகிறது. பச்சை நிறத்தில், அதே கதவு நிலை எழுத்துகளோடு ஒரு கண்டென்சர். வால்வு மாற்றியவரே இதையும் மாற்றியிருக்கிறார் போல. பென்சில் ஒற்றலும் அடிப்பக்கப் படமும் அடுத்த பதிவில் வரும், 0.022 மைக்ரோஃபாரடுக்கு 630 வோல்ட் வாங்கினால் போதுமா?

சால்டரிங்சாமி:
போதும். பிலிம் கண்டென்சராக வாங்குங்கள்.